முள்ளெடுத்துத் தந்த கை

ரயிலும் வராத, ரோடும் போடாத காலத்திலே வேம்பன்பட்டி என்று ஓர் ஊராம். ஆற்றுத் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதாம். ஊரைச் சுற்றிச் சப்பாத்திக்கள்ளி. வேலியும் அதுதான், காவலும் அதுதான், மழை பொய்த்தால் சோறும் அதுதான்.

அங்கே ஆவுடைச்சி வாக்கப்பட்டு வந்தாளாம். ஆற்றங்கரைப் பெண். வாழையும் நெல்லும் பார்த்து வளர்ந்தவளுக்குக் கள்ளிப்பழத்தைப் பற்றி என்ன தெரியும்? செக்கச்செவேலென்று இருக்கிறதே என்று தோலை உரித்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். பழத்துக்கு நடுவிலே நட்சத்திரம் மாதிரி ஒரு முள் இருக்கும். அதை எடுத்த பிறகுதான் தின்ன வேண்டும். தொண்டையில் தைத்துவிட்டது. புருசன் தளவாய்தான் விரலை விட்டு எடுத்தானாம்.

"ஏட்டி, கூறுகெட்டவளே! பழம்னா அப்படியே முழுங்கிருவியோ?"

"பழத்துக்குள்ளயும் வேலி போட்டு வைக்கிற ஊருன்னு எனக்கு யாரு சொன்னா?"

அன்றிலிருந்து அவன்தான் பழத்தை மேல்முள் உதிர மணலில் புரட்டி, பிளந்து, முள்ளை நகத்தால் நெம்பி எடுத்து அவள் கையில் வைப்பானாம். பட்டுச்சேலையா வாங்கிக் கொடுத்தான்? பவுனா வாங்கிக் கொடுத்தான்? அது ஒன்றுதான்.

பிறகு மழை பொய்த்ததாம். கங்காணி வந்தானாம். கடல் தாண்டிக் கண்டிச் சீமைத் தோட்டத்துக்கு ஆள் கூப்பிட்டானாம். தளவாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"நான் வர்ற வரைக்கும் நீயா பழத்தத் தின்னு தொலைச்சிராத, ஆமா."

ஆம்பிளைகள் கிளம்புகிற அவசரத்தில் எதையாவது சொல்லிவைப்பார்கள். இவள் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள்.

ஒரு வருசம் ஆச்சாம், ரெண்டு வருசம் ஆச்சாம். கடுதாசி இல்லை, சேதி இல்லை, மழையும் இல்லை. ஊரே கள்ளிப்பழம் தின்று வாய் சிவந்து திரிந்தது. ஆவுடைச்சி மட்டும் கிடைத்த கீரையை அவித்துத் தின்று, வாய் வெளுத்துக் கிடந்தாள். விடிந்ததும் வண்டித்தடத்தைப் பார்த்து உட்கார்ந்தாளென்றால் உட்கார்ந்ததுதான்.

தளவாயின் அக்கா பிச்சம்மாவுக்கு வாய் நீளம்.

"என்ன மகாராணி, புருசன் கையால குடுத்தாத்தான் எறங்குமோ?"

"அவுக வந்திருவாக, மதினி."

"வரட்டும். வந்து உன்னத் தூக்கிட்டுப் போய்ப் புதைக்கட்டும்."

ஏசினாளே தவிர, பிச்சம்மாவின் கண்ணும் அந்தத் தடத்தை விட்டு அகலாதாம். இடுப்பில் வைத்து வளர்த்த தம்பியாச்சே.

ஒரு நாள் ஆவுடைச்சியால் எழுந்திருக்கவே முடியவில்லை. பிச்சம்மா ரெண்டு பழத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாளாம். மணலில் புரட்டினாள். பிளந்தாள். முள்ளை நெம்பி எடுத்தாள். கையை நீட்டினாள்.

"இந்தா. அவன் பொறந்த வயித்துல பொறந்த கைதான் இது. சுண்டுவிரலப் பாரு, அவனுக்கு இருந்த அதே கோணல். தின்னு, ஏட்டி."

ஆவுடைச்சி அந்த விரலையே வெகுநேரம் பார்த்தாளாம். பிறகு வாங்கித் தின்றாளாம். தின்றுவிட்டு, இன்னொரு பழத்தை எடுத்து, பிளந்து, முள்ளை நீக்கி மதினி கையில் வைத்தாளாம். ரெண்டு பேரும் சிவந்த வாயோடு அழுதார்களாம்.

மழை வந்தது. தளவாய் வரவேயில்லை. பின்னால் வெள்ளைப் பூச்சி விழுந்து கள்ளிக்காடும் அழிந்ததாம். ஊருக்கு மேற்கே தப்பிப் பிழைத்த ஒரு புதருக்கு மதினிப் புதர் என்று பேர். இன்றைக்கும் அந்த ஊரில் யாரும் தன் பழத்துக்குத் தானே முள்ளெடுக்க மாட்டார்கள். துபாய்க்குப் போகிறவன்கூட, அம்மாவுக்கு இன்னார், பெண்டாட்டிக்கு இன்னார் என்று முள்ளெடுத்துத் தர ஒரு கையைக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டுமாம்.