ஓடைக்கு வெயில் காட்டினவன்

அதாண்ணே, சொல்லிக் குடுத்தா கேக்கணும்லா? கேக்க மாட்டாங்க. இப்ப எங்க ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகள்ல முப்பத்தாறு பேரு காய்ச்சல்ல படுத்துக் கெடக்காங்க. பழி யாருக்கு? சுகாதாரப் பாடம் நடத்துற இந்தச் சதாசிவத்துக்கு.

இந்தக் கூடைய அப்படித் தள்ளி வச்சுக்குங்க, இந்த ரயிலு ஜொகூர் பாரு போய்ச் சேர இன்னும் நேரமிருக்கு... எங்க விட்டேன்? ஆங், பாடம். டாக்டரு தோட்டத்து வாத்தியாருங்க எங்களுக்கு நாலு நாள் வகுப்பு எடுத்தாரு, கொசுவப் பத்தி. நாங்க அதைப் படிச்சிட்டு வந்து கங்காணிமாருக்குச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை வந்து உக்காருவாங்க. அர்ச்சுனன் கங்காணி கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குவான். லெட்சுமணன் கங்காணி, "வாத்தியாரே, கொசுவுக்கும் ஒரு வகுப்பு வையிங்களேன்"பான்.

ஆனா வேலைன்னா செஞ்சாங்க, பொய் சொல்லப்படாது. லயத்துக்குப் பின்னால மலையோரம் ஒரு ஓடை. காடு மூடி, பகல்லயே இருட்டு. "வெட்டுங்கடா"ன்னேன். ஒரு செடி விடல. வெயில் விழுந்து, தண்ணிக்குள்ள கூழாங்கல்லு தெரிஞ்சுச்சு. தொரையே வந்து என் கையப் புடிச்சுக் குலுக்கினாரு.

அடுத்த மாசமே காய்ச்சல்.

இப்ப டாக்டரு கடுதாசி போட்டுட்டாரு, ஜொகூர் பாருக்கு நேர்ல வந்து காரணம் சொல்லுன்னு. பதில் சரியில்லேன்னா வாத்தியார் வேலை போச்சு. பழையபடி பால்மரம் சீவணும், அதுவும் அர்ச்சுனன் கங்காணிக்குக் கீழ. நெனச்சுப் பாருங்க. பழிய அவன் தலையிலயே கட்டிடலாம்னுதான் இருந்தேன்.

நேத்துச் சாயந்தரம் பக்கத்துத் தோட்டத்து வாலண்டைன் நோட்டை வாங்கிப் பாத்தேன். அவனும் அந்த வகுப்புல படிச்சவன்தான். மூணாம் நாள் பாடம். காய்ச்சல் குடுக்குற கொசு இங்கெல்லாம் சாக்கடையில வளர்றதில்லையாம்ணே. வெயில் படுற தெளிஞ்ச ஓடையிலதான் முட்டை போடுமாம். நெழலா மூடிக் கெடக்குற ஓடையில கத்தியே வைக்கப்படாதாம். டாக்டரு ரெண்டு தடவ சொன்னாராம்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் வகுப்புலதான் இருந்தேன். மொத வரிசை. பக்கத்துல ஒருத்தன், உங்களாட்டம் நல்ல மனுசன், குறுக்கப் பேச மாட்டான். அவன்கிட்டதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்... எங்க தோட்டத்து ஆளுங்களுக்கு என்ன சொன்னாலும் காதுல ஏறாதுன்னு.