கடல் தன் நிறத்தையே பெயராகக் கொடுத்த மீனவன்

அவைக்குத் தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே! மன்னார்க் கரையில் பிறந்து மொன்றியல் பனியில் நரைத்த பெரியோர்களே! பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்று தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டு, மரித்தோர் தினம். பூசைக்கு முன் வழமைபோல இறந்தோர் பெயர்ப்பட்டியலை நான் வாசிக்கவேண்டும். ஆனால் முதலில் ஒரு கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரைச் சொல்லப்போகிறேன். சிரிக்கிறீர்களா, சாமி? பயப்படாதீர்கள், நான் மதம் மாறவில்லை!

கிளவுக்கோஸ்! அவன் அரசனல்லன், அரசன் மகனுமல்லன். வலை இழுத்து வாழ்ந்த மீனவன். பின்வரிசையில் என்ன சத்தம்? மீன்காரனா தெய்வம் என்கிறீர்களா? ஓம், மீன்காரன்தான்! அவன் பிடித்துப் புல்லில் போட்ட மீன்கள் உயிர்பெற்றுக் கடலுக்குத் துள்ளினவாம். அந்தப் புல்லை அவனும் தின்றான். கரை கசந்தது, கடல் அழைத்தது, குதித்தான். கடல் அவனைக் கொன்றதா? இல்லை, தெய்வமாக்கித் தன்னோடு வைத்துக்கொண்டது! புயலில் தவிக்கும் படகுகளுக்கு அவனே துணையாம். அவன் பெயரின் பொருள் என்ன? பச்சையும் நீலமும் கலந்து மின்னும் கடலின் நிறம்! நினைக்க நினைக்க எனக்கு மெய் சிலிர்க்கிறது.

எந்தப் பேராசிரியர் இதை எனக்குச் சொன்னார்? ஜான்-டலோன் சந்தையில் மீன் வெட்டும் நம் அக்னெஸ் அக்கா சொன்னார்!

அக்காவின் கணவர் அருமைநாதன், தொண்ணூறில் அகதிகளை ஏற்றிக்கொண்டு இராமேசுவரத்துக்குப் படகோட்டினார். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. ஆண்டுதோறும் பட்டியலோடு அக்கா வீட்டுக்குப் போவேன். "எழுதாதேங்கோ தம்பி, அவர் வருவார்" என்பார். ஏழு ஆண்டுகள்! ஒரு மெழுகுதிரிகூட ஏற்றவில்லை. பெயரை எழுதவிட்டால் அவரைத் தன் கையாலேயே கொன்றதாகிவிடும் என்ற பயம், ஐயா, பயம்!

போன மாதம் அக்காவின் மீன்கடை முதலாளி, ஒரு கிரேக்கர், "உன் கணவர் எங்கே?" என்று கேட்டாராம். "கடலுக்குப் போனவர்" என்றாராம் அக்கா. முதலாளி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இருவருக்கும் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் இந்தக் கதையைச் சொன்னாராம்.

நேற்று அக்காவே என்னைத் தேடி வந்தார். "தம்பி, பேரை எழுதுங்கோ. ஆனா காணாமல் போனவர் எண்டு போடாதேங்கோ. கடலிலை இருக்கிறார் எண்டு போடுங்கோ."

அப்படியே எழுதினேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அக்காவுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். இனி எல்லோரும் எழுந்து நில்லுங்கள், வாசிக்கிறேன்.

அருமைநாதன். கடலில் இருக்கிறார்.