மூன்று முறை அழைத்தும் அசையாத மிஸஸ் ப்ரூயிட் அவர்களுக்கு

எண்ணும் எழுத்தும் ஊட்டிய எங்கள் பெருமாட்டியே! அலபாமாவின் கேன் கிரீக் ஊரில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளியில் முப்பத்தாறு ஆண்டும், அதை மூடி நம்மையெல்லாம் வெள்ளையர் பள்ளியோடு சேர்த்தபின் இரண்டு ஆண்டும் கணிதம் கற்பித்து இன்று ஓய்வு பெறும் மிஸஸ் ஒசெல்லா ப்ரூயிட் அவர்களே! பள்ளி அரங்கம் தரப்படாததால் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் கூடியுள்ள, தங்களோடு பணியாற்றிய ஆசிரியர்களாகிய நாங்கள், இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

பொறுமையில் பெரியவர், புன்னகையில் இனியவர், பின்னக் கணக்கைப் பீச் பழம் அறுத்தே புரியவைத்தவர் என்று வரிசையாகப் புகழத்தான் எண்ணியிருந்தோம். ஆனால் நெஞ்சில் நிற்பதோ, வெள்ளையர் பள்ளியில் நாம் சேர்ந்த முதல் வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அப்பள்ளியில் வெள்ளை ஆசிரியர்களுக்கு 'மிஸ்டர்', 'மிஸஸ்' உண்டு. நமக்கு வெறும் பெயர்தான். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் அழைத்தார்: "ஒசெல்லா, ஆபீசுக்கு வா." தாங்கள் கரும்பலகையை விட்டு அசையவில்லை. மறுபடி அழைத்தார். மூன்றாம் முறையும் அழைத்தார். பக்கத்து வகுப்பு ஆசிரியை லூராலீன் ஓடிவந்து, "போயிடுங்கக்கா, வேலைக்கே உலை வச்சிடுவாங்க" என்று கெஞ்ச, "அது என் வீட்டுக்காரர் கூப்பிடற பேரு. இவரைக் கட்டிக்கிட்டதா எனக்கு ஞாபகம் இல்லையே" என்றீர்கள். வாசலில் எட்டிப்பார்த்து நின்ற எங்களுக்குச் சிரிக்கக்கூடத் துணிவு வரவில்லை.

நான்காம் அழைப்பு வேறு குரலில் வந்தது. அலுவலக எழுத்தரான வெள்ளைக்காரப் பெண்மணி மிஸ் நெல் ஹாட்ச்சர் பேசினார்: "மிஸஸ் ப்ரூயிட், கொஞ்சம் ஆபீசுக்கு வாங்க." சாக்பீஸை வைத்துவிட்டு நடந்தீர்கள். மறுவாரமே அவரைப் புத்தகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இன்று அவரும் இங்கே நம்மோடு அமர்ந்திருக்கிறார்.

நாங்களோ, உள்ளதைச் சொன்னால், இந்த இரண்டு ஆண்டும் வெறும் பெயருக்கே எழுந்து ஓடினோம். அடுத்த ஆண்டுக்கான வேலை உத்தரவு வெள்ளை ஆசிரியர்களுக்கு மார்ச்சிலேயே வந்துவிட்டது. மே முடியப்போகிறது, எங்கள் ஐவருக்கும் வரவில்லை. தாங்கள் இல்லாத பள்ளியில் அந்த ஒலிபெருக்கி இனியும் கரகரக்கும். அம்மையே, எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

நலமும் வளமும் சூழ, மிஸ்டர் ப்ரூயிட் ஒருவர் மட்டுமே 'ஒசெல்லா' என்றழைக்க, தாங்கள் நூறாண்டு வாழ்க! இம்மடலின் படி ஒன்று திங்கட்கிழமை தலைமையாசிரியர் மேசைக்குப் போகிறது. முதன்முறையாக இப்படிக் கையெழுத்திடுகிறோம்:

மிஸஸ் லூராலீன் கேட்ஸ்
மிஸ்டர் ஹோரஸ் பிக்கன்ஸ்
மிஸ் ஏர்லின் டோட்சன்
மிஸஸ் வில்மா ஸ்ட்ரிங்ஃபெலோ
மிஸ்டர் க்ளியோ ரெட்டிக்
மிஸ் நெல் ஹாட்ச்சர், புத்தகக் கிடங்கு