ஹெட்விக் துவைக்காத சட்டை

...தம்பி, மைக் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பா. இனி நான் சொல்லப்போறதைக் கத்திச் சொல்ல முடியாது.

அம்மா, முன்னாடி உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, உங்ககிட்ட ஒரு சின்னக் கதை சொல்லணும். ஆள் பேரெல்லாம் நான் வச்சது. ஆனா ஜெர்மனியில, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அந்த முதல் வருஷம், பல ஊர்ல இப்படித்தான் ஆரம்பிச்சது.

ஒரு சின்ன மில் ஊரு. அங்க ஆல்பின்னு ஒரு நெசவு மில் தொழிலாளி, சங்கத்துத் தலைவர். அவர் சம்சாரம் ஹெட்விக். ஒருநாள் காலையில ஹிட்லர் கட்சியோட காக்கிச் சட்டைப் படைக்காரங்க வந்து ஆல்பினைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்ன குத்தம்? குத்தமே இல்ல. "பாதுகாப்புக் காவல்"னாங்க. பாதுகாப்பாம்! யார்கிட்ட இருந்து... யாருக்குப் பாதுகாப்பு?

எங்க வச்சாங்க தெரியுமா? ஏதோ காட்டுக்குள்ளயா? இல்லைங்க. ஊருக்கு நடுவுல, மூடிக் கிடந்த பீர் ஆலையில! சுத்தி வீடு, எதுத்தாப்ல ரொட்டிக்கடை. உள்ள அடிச்சா வெளிய கேக்கும். கேக்காம இருக்க, ரேடியோவைச் சத்தமா வச்சாங்க.

வாராவாரம் ஹெட்விக் துவைச்ச துணியைக் கொண்டுபோய் கேட்ல குடுப்பா. அழுக்குத் துணியை வாங்கிட்டு வருவா. கேட்ல காவல் நிக்கிறவன் யாரு? குர்ட். அதே தெருவுக்காரன். வேலையில்லாம இருந்தப்ப இவ வீட்டுச் சமையலறையில உட்கார்ந்து சூப் குடிச்சவன்.

"குர்ட்டு, நான் அவரை ஒருதடவை பாத்துக்கிறேன்டா."

அவன் இவ முகத்தைப் பாக்கல. "துணியை வாங்கிட்டுப் போங்கக்கா. இங்க நிக்காதீங்க."

வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரிச்சா... ஆல்பின் முதுகோட ஒட்டிக் காய்ஞ்சு, பிச்சு எடுத்த சட்டை. ரத்தம். கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ரத்தம்.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

அவ அழல. அந்தச் சட்டையைத் துவைக்காம, அப்படியே கொண்டுபோய் எல்லாரும் துணி காயப்போடுற பொது முற்றத்துல, கொடியில விரிச்சுப் போட்டா. சுத்தி நாலு பக்கமும் வீடு. ஒரு ஜன்னல் சாத்திக்கிச்சு... இன்னொரு ஜன்னல் சாத்திக்கிச்சு... கடைசியா பக்கத்து வீட்டு எர்னா ஜன்னல். எர்னா யாரு? மில்லுல இவளோட ஒரே தறிவரிசையில நின்னு வேலை பார்த்தவ. இவ பிரசவத்துக்குக் கூட இருந்தவ.

ஹெட்விக் போய் அவ கதவைத் தட்டினா. "எர்னா, நாளைக்கு நாம பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து அந்த கேட்டுக்குப் போவோம். சண்டை வேண்டாம். சும்மா நிப்போம். அவங்க நம்ம ஊர்ப் பசங்கதானே, நம்ம முகத்தைப் பாத்தா கூசும்."

எர்னா கதவைப் பாதிதான் திறந்தா. "அந்தச் சட்டையை முதல்ல எடுடீ. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. அதுவும் இல்லாம... ஆல்பின் ஏதாவது பேசியிருப்பாரு. சும்மாவா பிடிப்பாங்க?"

மறுநாள் ஹெட்விக் தனியாப் போனா. தனியா நின்னா. குர்ட்டே வந்து அவளைத் தள்ளிவிட்டான்.

இலையுதிர் காலத்துல ஆல்பினை விட்டுட்டாங்க. ஊர் என்ன சொல்லுச்சு? "பாத்தியா, விட்டுட்டாங்கள்ல! நீ வீணாப் பயந்தே." எர்னாவும் வந்தா. "உள்ள எப்படிண்ணே இருந்தது?"

"நல்லா பாத்துக்கிட்டாங்க"ன்னாரு ஆல்பின்.

எல்லாரும் போனதும் ஹெட்விக் கேட்டா, "ஏங்க பொய் சொன்னீங்க?"

அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட முடியல, விரல் அப்படி ஆயிருச்சு. இவதான் போட்டுவிட்டுக்கிட்டிருந்தா. மெதுவாச் சொன்னாரு... "வாயைத் திறந்தா அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டு வருவோம்னாங்க, ஹெட்விக்."

அந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள ஆல்பின் போயிட்டாரு. சிறுநீரகம் ரெண்டும் அடிபட்டுக் கெட்டுப்போயிருந்தது.

அடக்கத்தன்னிக்கு எர்னா ஓடிவந்து கட்டிப்பிடிச்சு அழுதா. "எனக்கு அன்னிக்கே தெரியும் ஹெட்விக்! அந்தச் சட்டையைப் பாத்தப்பவே தெரியும்!"

ஹெட்விக் அவ கையை விலக்கல. இவ்வளவுதான் சொன்னா:

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும், எர்னா. தெரியாதவளா இருந்தா எட்டிப் பாத்திருப்பே. தெரிஞ்சதாலதான் ஜன்னலைச் சாத்தினே."

...

அந்த ஆட்சிக்காரங்க அந்த வருஷம் என்ன கத்துக்கிட்டாங்க தெரியுமா? ஊருக்கு நடுவுல வச்சு அடிச்சாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னு கத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் பெரிய பெரிய முகாமா கட்டினாங்க. லட்சம் லட்சமா கொன்னாங்க.

எர்னா கெட்டவளா? இல்லைம்மா. நம்மள மாதிரிதான். பயந்தா. பயப்படறது தப்பே இல்ல. ஆனா அந்தப் பயத்துக்கு அவ ஒரு நல்ல பேரு வச்சா பாருங்க... "சும்மாவா பிடிப்பாங்க?" அங்கதான் ஆல்பின் பாதி செத்தாரு.

நம்ம தெருவுல ஒருத்தனை போலீஸ் ஜீப்ல ஏத்தும்போது, நம்ம வாயில முதல்ல வர்ற வார்த்தை என்ன? சொல்லுங்க... "ஏதாவது பண்ணியிருப்பான்."

அந்த வார்த்தையை இன்னியோட விடுங்க. புருஷனைத் தேடி ஒருத்தி ஸ்டேஷன் வாசல்ல நின்னா, போய் அவ பக்கத்துல நில்லுங்க. பேசத் தெரியலையா, பேச வேண்டாம். பயமா இருக்கா, பயந்துக்கிட்டே நில்லுங்க. அவ தனியா நிக்கக் கூடாது... அவ்வளவுதான் தாயி.