சூளையின் கடைசி சிடி

— கிட்ட வந்து பேசு ஆனந்தராஜு. தொண்ட ஆபரேஷனுக்கு அப்புறம் எங் கொரலு இவ்ளோதான் எழும்புது.

— மிஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல வுழலண்ணே. வெளிய வரலாமா?

— டீ டைம்தான், வா. காலையிலேருந்து கரண்டு பீஸ் கட்டைய பெட்டியில அடுக்கி அடுக்கி இடுப்பு வுட்டுப்போச்சு. என்ன கையில?

— நம்ம சூளை பேண்டோட புது சிடிண்ணே. இதான் கடைசி. பேண்ட கலைச்சாச்சு.

— அட. ஏன்டா?

— டிரம்ஸ் மாயவண்ணன் திருப்பூரு போறாரு. கிடார் ஜாகிருக்கு துபாய் விசா வந்துடுச்சு. எனக்கும் சலிச்சுப்போச்சுண்ணே. உங்க எடத்துல நின்னு நாலு வருஷமா பாடுறேன். எங்க மேடை ஏறுனாலும், கொளஞ்சி எங்கடா, கொளஞ்சிய பாடச் சொல்லுன்னு கத்துறாங்க. திட்டக்குடியில எங்க ஊரு சனமே கத்துது.

— அதுக்கு உன்ன என்ன சொல்ல முடியும்? வுடு தம்பி.

— இந்த சிடியில ஒரு பாட்ட மட்டும் எல்லாரும் புகழுறாங்க. கடைசிப் பாட்டு. இப்பதான்டா ஆனந்தராஜு பாடவே கத்துக்கிட்டான்னு சொல்றாங்க.

— ம்.

— அத நான் பாடலண்ணே. எத்தன தடவ பாடியும் மாயவண்ணன் மனசுக்கு ஒத்து வரல. நீங்க ஆபரேஷனுக்கு முன்னாடி ரிகர்சல்ல பாடுன டேப்பு அவருகிட்ட இருந்துச்சு. அதயே சுத்தம் பண்ணி போட்டுட்டாரு. ஒறயில எம் பேரு. வெக்கமா இருக்குதுண்ணே.

— தெரியும்.

— தெரியுமா?

— பஸ் ஸ்டாண்டு கேசட் கடையில ஓடுச்சு. நின்னு முழுசா கேட்டேன்.

— கேட்டுட்டா சும்மா இருந்தீங்க? நாலு திட்டு திட்டியிருக்கலாமில்ல? சாயங்காலமே கடை கடையா போயி சொல்லிடுறேன். ஒறயில உங்க பேர ஒட்டிடலாம்.

— அதெல்லாம் வேணாம். உம் பேரே இருக்கட்டும்.

— ஏண்ணே? ஊரே ஏங்குது உங்க கொரலுக்கு.

— அன்னிக்கி எம் பொண்ணு சந்திரலேகா கூட இருந்தா. ஆபரேஷனப்ப கைக்கொழந்த அவ. யாருப்பா இந்த மாமா, இவ்ளோ நல்லா பாடுறாருன்னு கேட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆனந்தராஜு மாமான்னு சொன்னேன். அவளுக்கு அப்பா கொரலுன்னா இதுதான் தம்பி. இதுக்கு முன்ன ஒண்ணு இருந்துச்சுன்னு தெரிஞ்சா, நான் வாயத் தொறக்குறப்பல்லாம் அவளும் அதயில்ல தேடுவா?