வேவுக் கப்பல்

துஷாரா,

நீர் கொண்டுவந்த பூக்களைச் சுசீலா ஜன்னலடியில் வைத்திருக்கிறாள். மஞ்சள் டுலிப். மூன்று நாளாகத் தண்ணீர் மாற்றுகிறாள். அன்று உமக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மே பதினெட்டாம் தேதி ஓகூஸ் நகர மண்டபத்தில் நடக்கும் நினைவு நாளில் உம்முடைய தகப்பனாருக்கு நான் விளக்கேற்ற வேண்டும் என்று கேட்டீர்.

"கடைசி நாளிலையும் எங்களுக்கு வழி காட்டினது டென்மார்க் அங்கிள்தான் எண்டு அம்மா சாகுமட்டும் சொன்னவ," என்றீர்.

சுசீலா அழுதாள். நான் தேநீரைக் குடித்தேன். மனைவிக்கு முன்னால் உம்மைத் திருத்த விரும்பவில்லை. இப்போது திருத்துகிறேன். ஒருவர் தவறான தகவலோடு நடமாடுவதை என்னால் பொறுக்க முடியாது.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் நான் முதுகுவலி விடுப்பில் சில்க்போர்க்கில் இதே வீட்டில் இருந்தேன். பகல் முழுவதும் கணினியில் ஒரு விளையாட்டு. விண்வெளிப் போர். கோள்களில் தாது எடுக்க வேண்டும், கப்பல் கட்ட வேண்டும், எதிரியின் தளத்தை உடைக்க வேண்டும். முறை வைத்து ஆடுவதல்ல. நீர் யோசிக்கும் நேரத்திலும் எதிரி கட்டிக்கொண்டிருப்பான். கடைசிக் கட்டத்தில் நான் முப்பத்தொரு முறை தோற்றிருந்தேன்.

அதில் வரைபடம் முழுவதும் இருட்டு. உம்முடைய கப்பல் போன இடம் மட்டும் தெரியும். ஆகவே முதலில் வேவுக் கப்பல் ஒன்றை அனுப்ப வேண்டும். சிறியது, ஆயுதம் கிடையாது. அது எங்கே அடிபடுகிறதோ அங்கே எதிரி இருக்கிறான். அடிபடுவதுதான் அதன் வேலை.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தவராஜா சில நாள் வந்து விளையாடுவார். வேவுக் கப்பலில் ஒரு குண்டு பட்டதும் திருப்பி எடுத்துவிடுவார்.

"பாவமாக் கிடக்கு, அண்ணை."

"அதுக்குள்ளை ஆக்கள் இல்லை, தவராஜா."

"தெரியும். எண்டாலும்."

பத்து நிமிடத்தில் அவருடைய முழுப் படையும் இருட்டுக்குள் போய் அழியும். நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆடுகிறார்கள்.

ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த மாதம் இங்குள்ள எங்கள் ஆட்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதார்கள். பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்கு ஆர்ப்பாட்டம் செய்யப் போனார்கள். ஒரு பயணம் பொது விடுமுறை நாளில் அமைந்துவிட்டது. பூட்டிய கட்டடத்துக்கு முன்னால் நான்கு மணி நேரம் கத்திவிட்டு, தொண்டை கட்டி, திருப்தியோடு திரும்பினார்கள். மிஞ்சிய ரோல்ஸை எங்களுக்கும் கொண்டுவந்து தந்தார்கள்.

சுசீலாவின் தம்பி பாலேந்திரா அப்போது அங்கே, சண்டைக்குள் அகப்பட்டு, உங்களோடு இருந்தான். ஐந்து குடும்பங்கள், அடுத்தடுத்துத் தோண்டிய பங்கர்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாட்டிலைட் போன். எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஒரே கேள்விதான்.

"அத்தான், எந்தப் பக்கத்தாலை போறது?"

வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று அங்கே நம்பினார்கள். வானத்திலிருந்து எடுத்த படங்களை நாங்கள் இணையத்தில் பார்க்கிறோம் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். நான் பார்த்தவை பத்து நாள் பழைய படங்கள். சனம் இருந்த தறப்பாள் கூடாரங்கள் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தன. அதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நீரேரி, கழுத்தளவு தண்ணீர். மற்றது தெற்கே போகும் வீதி. ஒன்றில் சூடு விழும் என்று தெரியும். எதில் என்று தெரியாது.

பதினான்காம் தேதி பின்னேரம் ஐந்து மணிக்குப் பாலேந்திரா எடுத்தான். அங்கே இருட்டியிருந்தது. இங்கே நல்ல வெயில். கீழே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இராசரத்தினம் மாஸ்டர் குடும்பத்தை முதல் நீரேரியாலை போகச் சொல்லு," என்றேன்.

"அது திறந்தோ கிடக்கு, அத்தான்?"

"தெரியாது. அதுக்குத்தான்."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மாஸ்டருக்கு மூண்டு பிள்ளையள்."

"உனக்கு எத்தினை?"

"ரெண்டு."

"அப்ப போனை அவரிட்டைக் குடு."

பாலேந்திராவுக்குப் பொய் வராது. அழுது காரியத்தைக் கெடுப்பான். உம்முடைய தகப்பனாரோடு நானே கதைத்தேன்.

"நல்லாத் தெரியுமோ, தம்பி?"

"ஓம் மாஸ்டர். இப்ப படத்தைப் பாத்துக்கொண்டுதான் கதைக்கிறன். நீரேரிப் பக்கம் ஒருத்தரும் இல்லை. உடனை வெளிக்கிடுங்கோ."

"நீங்கள் நல்லா இருக்கவேணும்," என்றார்.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றது முழுப் பொய்யல்ல. விளையாட்டை நிறுத்தி வைத்திருந்தேன். திரையில் அது இருந்தது.

பதிலுக்குக் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் விட்ட இடத்திலிருந்து ஆடினேன். கடைசிக் கட்டத்தை அன்றுதான் வென்றேன்.

பிறகு பாலேந்திரா எடுத்தான். நீரேரிப் பக்கம் சூட்டுச் சத்தம் நிற்காமல் கேட்கிறது என்றான். "ஆர் சுடுகினம் எண்டு தெரியேல்லை, அத்தான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யார் என்பது எனக்குத் தேவைப்படவில்லை. எங்கே என்பது போதும். விடிய வீதியால் போ என்றேன். போனான். நான்கு பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

உம்முடைய தகப்பனாரும் இரண்டு அண்ணன்மாரும் தண்ணீரோடு போனார்கள். தாயார் சிறுமியான உம்மை இழுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினார் என்பதை நீர் வந்த அன்றுதான் அறிந்தேன். அதுவரை ஐந்து பேரும் முடிந்தார்கள் என்றே நினைத்திருந்தேன்.

பாலேந்திரா இப்போது ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிறான். மூத்த மகள் பல் வைத்தியர். அவன் என்னோடு கதைப்பதில்லை. ஏதோ காணிப் பிரச்சினை என்று சுசீலா நினைத்துக்கொண்டிருக்கிறாள். மனச்சாட்சி குத்துகிறது என்று ஒருமுறை எனக்கு எழுதினான். குத்துவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அவனை அப்படி வைத்திருப்பது யார் என்று அந்த மனச்சாட்சி அவனுக்குச் சொல்வதில்லை போலும்.

ஆகவே விளக்கேற்ற நான் வரமாட்டேன். மண்டபத்தில் அழுகிறவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கேளும்.

ஐந்து குடும்பங்கள் இருக்க ஏன் எங்கள் குடும்பம் என்று கேட்பீர். நியாயமான கேள்வி. உம்முடைய தகப்பனார் நிதானமானவர். சொன்ன வழியில் பாதியில் திரும்பாமல் போவார். மற்றவர்கள் பயந்து திரும்பி வந்திருப்பார்கள், நாங்கள் ஒன்றும் அறிந்திருக்க மாட்டோம். அந்த வேலைக்கு அவர்தான் பொருத்தம். வேறு காரணம் இல்லை.

அவர் வெளிக்கிட்டதற்கு முந்தின நாள் நான் பாலேந்திராவுக்குப் போனில் நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தேன். புரிவதற்காக விளையாட்டில் இருந்து ஓர் உதாரணம் சொன்னேன். அவன் அதை அங்கே மற்றவர்களுக்கும் சொன்னான். உம்முடைய தகப்பனாரின் குரல் கேட்டது.

"கதிரையிலை இருந்து கொம்பியூட்டரிலை சண்டை பிடிக்கிறவரிட்டையோ வழி கேக்கிறாய், பாலா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் அவரே என்னிடம் வழி கேட்டார். மனிதர் அப்படித்தான், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. இப்படிப்பட்டவற்றை மனதில் வைத்திருப்பவன் அல்ல நான். அவர்கள் சிரித்தபோது மணி நான்கு பத்து. சிரித்தவர்கள் ஏழு பேர். அதில் ஒன்று சிறு பெண்பிள்ளையின் குரல்.