வெள்ளை எழுத்து

கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு நன்றி, மகாதேவன் சார். கோடு இல்லாத தாளில் என் எழுத்து போகப் போகக் கீழே சரிந்துவிடும். நாற்பத்து நாலு வயதில் எழுதப் பழகிய கை அப்படித்தான் இருக்கும். டெல்லி மோதி பாக்கில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்த சியாமளா டீச்சர், "சிமெண்டு மூட்டையைத் தூக்கற, பென்சிலைப் பிடிக்க வேர்க்குதா உனக்கு?" என்று கேட்பார்.

உங்களுக்கும் சிரமம். சரோஜினி நகரிலிருந்து ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, என் தமிழை இந்தியில் மாற்றிக் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். புரிகிற மாதிரி எழுதுகிறேன். அவசரப்படுத்த வேண்டாம் என்று மட்டும் இன்ஸ்பெக்டரிடம் சொல்லுங்கள்.

என் பெயர் ஜோதிலிங்கம். வயது ஐம்பத்து மூன்று. விழுப்புரம் பக்கம். டெல்லிக்கு வந்து கம்பி கட்டும் வேலை செய்தேன். முதுகு போன பிறகு முனிர்காவில் ஒரு இன்டர்நெட் கடையில் சேர்ந்தேன். காலையில் கடையைத் திறப்பது, துடைப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது, கரண்ட் போனால் ஜெனரேட்டரை இழுத்துவிடுவது. ஐந்து வருஷமாக இதுதான். வருகிற பிள்ளைகள் டைப் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தும் கற்றுக்கொண்டேன். இருபத்தாறுதானே. தமிழைத் தாண்டி வந்தவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். வடிவு. தொண்ணூற்றெட்டில், பத்தொன்பது வயதில், ரமேஷ்குமார் என்கிற பெயின்டரோடு போய்விட்டாள். அவனுடைய சாதியை இங்கே எழுத வேண்டியதில்லை. அவள் ரயில் ஏறுமுன் பிடித்துவிடலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். கையில் கம்பி வளைக்கிற இரும்பு இருந்தது. வேலையிலிருந்து நேராகப் போனதால் இருந்தது. மூன்று நாள் போனேன். மூன்று நாளும் இருந்தது.

கடையில் சேர்ந்த பிறகு தினமும் காலையில் தரையைத் துடைத்துவிட்டு, முதல் கம்ப்யூட்டரைப் போட்டு வடிவு என்று அடித்துத் தேடுவேன். வேறு வடிவுகள் வருவார்கள். அவள் வரமாட்டாள்.

கனிமொழி கடைக்கு வர ஆரம்பித்தது போன வருஷம், 2005 மழைக்காலத்தில். இருபத்தாறு வயது. சேலம் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப்பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதியதே போதும். அவள் வீட்டுக்காரன் ஜெகன் டெல்லியிலேயே பிறந்தவன், ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. இரண்டு சந்து தள்ளி மூன்றாவது மாடியில் ஒரே அறை. அவள் வீட்டிலிருந்தபடி தமிழையும் இங்கிலீஷையும் இந்தியையும் மாற்றி எழுதிக் கொடுக்கிற வேலை பார்த்தாள். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. வேலை வந்தால் உண்டு. அதற்காக ஒரு வெப்சைட் வைத்திருந்தாள். ஒரே பக்கம்தான். அதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அவள் கவலை.

"ஏனுங்ணா, கூகுள்ல பத்தாவது பக்கத்துல இருக்கறனுங்ணா நான். பத்தாவது பக்கம்னா சுடுகாட்டு ரோடு மாதிரி. ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றாள்.

முதல் பக்கத்துக்கு வருவது எப்படி என்று எங்கெங்கோ படித்துவிட்டு, படித்ததை என்னிடம் சொல்வாள். பக்கத்தின் தலைப்பில் 'சிறந்த மொழிச் சேவை' என்று போட்டிருந்தாள். அதை அடித்துவிட்டு 'டெல்லியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்' என்று மாற்றினாள். முந்தியதே அழகாக இருந்ததே என்றேன்.

"அழகை வெச்சு என்னங்ணா பண்றது? பசிச்சவன் இட்லின்னுதான் தேடுவான். அறுசுவை அனுபவம்னா தேடுவான்? அவன் வாயில என்ன வார்த்தை வருதோ அதுதான் நம்ம பக்கத்துல இருக்கோணும்."

இதைவிட எளிதாக யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. தேடுகிறவனின் சொல் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை என்ன, ஊர் எது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நாலு நல்ல பக்கங்கள் நம் பக்கத்தைக் காட்டினால் மதிப்பு கூடும். கூகுளின் மெஷின் வந்து படித்துவிட்டுப் போக எப்படியும் பத்து நாளாகும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருப்பது எனக்குப் பழக்கம்.

அவள் கர்ப்பமானாள். மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன மாற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதி ஜெகனிடம் கொடுத்தனுப்புவாள். அவன் ஆபீசுக்குப் போகிற வழியில், "அங்கிள், இதை ஜல்தி போட்டுடுங்க. இல்லேன்னா மேடம் என் டிபன்ல உப்பு போடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஓடுவான். பாஸ்வேர்டை என் நோட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். பக்கத்துக்கு வருகிறவர்களை எண்ணுகிற ஒரு கவுண்டர் உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன சொல்லைத் தேடி வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அது காட்டும். தினமும் நான் அதைப் பார்த்து நோட்டில் எழுதி, ஞாயிறு மத்தியானம் கொண்டுபோய்க் கொடுப்பேன். எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்று அவள் பார்ப்பாள். என் எழுத்துப் பிழைகளையும் பென்சிலால் திருத்திவிடுவாள். என் குரல் கேட்டால்தான் கதவைத் திறப்பாள். "கனிம்மா, நான்தான்" என்பேன்.

ஏன் அப்படி என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். சாதி விட்டுக் கட்டியவள். ஊர்ப்பெயரையும் அப்பா பெயரையும் அன்றைக்கே என்னிடம் சொன்னாள். "பேரு இருந்தாப் பரவால்லீங்ணா. கனிமொழின்னு ஆயிரம் பேரு. ஊருப்பேரு, அப்பா பேரு, இந்த அட்ரஸ், மூணும் எங்கயும் வரக்கூடாது. எங்க அண்ணனுங்க ரெண்டு பேரு இன்னும் தேடிட்டுத்தான் இருக்கறாங்க. கெடைச்சா உடமாட்டாங்க."

நான் தலையாட்டினேன். கேட்கவில்லை, புரியவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். புரிந்தது.

ஜனவரியில் ஒரு வாரம் கவுண்டரில் சேலம் என்று வந்தது. தேடிய சொல், கனிமொழி, மொழிபெயர்ப்பு, டெல்லி. ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, இவள் அவள்தானா என்று தெரியாமல் போயிருக்கிறார்கள். அந்த வரியை நான் நோட்டில் எழுதவில்லை. அந்தப் பக்கம் நிரம்பியிருந்தது. அடுத்த பக்கம் காலியாகத்தான் இருந்தது.

எனக்கு அவள் அண்ணன்கள் நினைவுக்கு வரவில்லை, சார். ஒரு அப்பன் நினைவுக்கு வந்தான். என்னைப் போல ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பவன். ஏழு தடவை வந்து ஏழு தடவையும் வெறுங்கையோடு போகிறான். அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். தெரிந்தவன் உதவாமல் இருப்பது பாவம் என்று நினைத்தேன்.

கடையில் ஒரு டிராவல்ஸ்காரர் தன் பக்கத்தின் அடியில் ஒரு வேலை செய்திருந்தார். பார்த்தால் காலி இடம். மவுஸைப் பிடித்து இழுத்தால் நீலமாகி, ஊர்ப்பெயராகத் தெரியும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. கனிமொழியிடம் முன்பே கேட்டிருக்கிறேன். "ஃபிராடுங்ணா அது. கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். மாட்டுனா பக்கத்தையே தூக்கிருவாங்க. நமக்கு வேண்டாம்" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தரையைத் துடைத்த பிறகு, அவள் பக்கத்தின் அடியில் அவள் ஊர்ப்பெயரை அடித்தேன். அவள் அப்பா பெயரை அடித்தேன். வீட்டு விலாசத்தை நான் போடவில்லை. இதைத் தயவுசெய்து இந்தியில் தெளிவாக எழுதுங்கள். கடை விலாசத்தைத்தான் போட்டேன். அதற்குக் கீழே, இடம் இருந்ததால், 'வடிவு, ஜோதிலிங்கம், முனிர்கா' என்றும் அடித்தேன். அவள் பக்கத்துக்கு அதற்குள் கொஞ்சம் மதிப்பு வந்திருந்தது. என் மகள் பெயரும் அதில் தொற்றிக்கொண்டு மேலே வரட்டும் என்றிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் வெள்ளையாக்கினேன். பக்கத்தில் தெரியாது, கூகுளில் தேடுகிறவனுக்கு மட்டும் அந்த வரி கறுப்பாக வரும்.

அந்த ஞாயிறு கனிமொழி ஜெகனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைக்கே வந்தாள். ஆறு மாதம். பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

"ஏனுங்ணா, அடியில காலி எடம் ஜாஸ்தியா இருக்கற மாதிரி இருக்குதே?"

"அப்புறம் சரி பண்ணிடறம்மா" என்றேன்.

"பண்ணீருங்க. இந்த மாசம் மூணாவது பக்கத்துக்கு வந்துட்டமுங்ணா" என்று சொல்லி, நான் வைத்த டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

மெஷின் வந்து படிக்கப் பத்து நாளாகும் என்று சொன்னேன் அல்லவா. அந்தப் பத்து நாளில் எந்த நாளும் நான் அதை அழித்திருக்கலாம். ஒரு பட்டன்தான். தினமும் தரையைத் துடைத்துவிட்டு, வந்துவிட்டதா என்று பார்த்தேன்.

பதினோராவது நாள் வந்தது. சேலம். கனிமொழி, ஊர்ப்பெயர், அப்பா பெயர். பதினாலு நிமிஷம் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். எனக்கு நிறைவாக இருந்தது.

அதற்கு நாலு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு இரண்டு பேர் கடை வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். முனிர்காவில் யாரும் கடைக்குள் வரச் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். ஸ்வெட்டர் புதிது. விலைச்சீட்டு பின்கழுத்தில் தொங்கியது. தமிழா என்று கேட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். பெரியவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குளிர் காய்ந்தான்.

"எங்க தங்கச்சி இங்க வருதுங்களாமா? கனிமொழின்னு. சும்மா பேசத்தானுங்க வந்தோம்."

நான் எழுந்தேன். "அப்பா வரலியா?" என்று கேட்டேன்.

சின்னவன் பதில் சொன்னான். "அப்பா போயி மூணு வருசம் ஆச்சுங்க."

அப்போது நான் உட்கார்ந்திருக்க வேண்டும். தேடியவன் அப்பன் இல்லை என்று தெரிந்துவிட்டது. அவள் எதைச் சொல்லிப் பயந்தாளோ அது டீ குடித்துவிட்டு என் முன்னால் நின்றது. ஆனால் நான் ஏற்கெனவே எழுந்துவிட்டேன். சாவிக்கொத்தையும் எடுத்துவிட்டேன். தூரத்திலிருந்து வந்தவர்கள்.

இரண்டு சந்து. மூன்று மாடி. பெரியவன் தோளில் ஒரு ரெக்சின் பை இருந்தது. படியில் ஏறும்போது சுவரில் இடித்தது. என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷம் இரும்போடு வேலை செய்தவன். ஜெகன் ஆபீசுக்குப் போயிருந்தான். கதவைத் தட்டினேன். உள்ளே சத்தமில்லை.

"கனிம்மா, நான்தான்."

தாழ்ப்பாளை எடுக்கிற சத்தம் கேட்டது. "இன்னிக்கு ஞாயித்துக்கெழமை இல்லீங்களேண்ணா" என்று சிரித்துக்கொண்டே திறந்தாள். கையில் பென்சில் இருந்தது.

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். குடும்பத்தார் பேசும்போது வெளியாள் நிற்பது முறையில்லை. கடைக்குப் போய், கண்ணாடிக் கதவைத் துடைத்தேன். கால் மணி நேரத்தில் அவர்கள் வந்து, கை கழுவத் தண்ணீர் கேட்டார்கள். ஊற்றினேன். சின்னவன் அழுதுகொண்டிருந்தான். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. சாயங்காலம் ஜெகன் வந்துதான் பார்த்தான்.

அவர்கள் சேலத்தில் பிடிபட்டு என் அடையாளத்தைச் சொல்ல இருபத்திரண்டு நாள் ஆனது. அதுவரை நான் கடையில்தான் இருந்தேன். தினமும் கவுண்டரைப் பார்த்து நோட்டில் எழுதினேன். பத்திரிகைக்காரர்கள் செய்தியில் அவள் பக்கத்தைக் காட்டியிருந்தார்கள். நாலு நல்ல பக்கம் காட்டினால் மதிப்பு கூடும் என்று அவள் சொன்னது சரிதான். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரில் தேடியபோது, முதல் பக்கத்தில் முதலாவதாக வந்தது கனிமொழி என்று நீங்கள்தான் நேற்றுச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டீர்கள். அதைக் கேட்க அவள் இல்லை என்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எழுதியது, மறைத்தது எல்லாம் நானே. கதவைத் திறக்க வைத்ததும் நானே. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி வேண்டும், சார். என் நோட்டு இன்ஸ்பெக்டர் மேஜையில் இருக்கிறது. அதில் கடைசிப் பக்கத்தில், நான் பிடிபட்டதற்கு முந்தின நாள் வரியைப் பாருங்கள். தேடிய சொல், ஜோதிலிங்கம், முனிர்கா. பதினொரு வினாடி. இந்தப் பெயரை வேறு யார் தேடப் போகிறார்கள்? அப்பன் எங்கே இருக்கிறான் என்று பார்த்திருக்கிறாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு. எந்த ஊரிலிருந்து தேடினாள் என்பதும் அந்த வரியிலேயே இருக்கிறது. இங்கிலீஷில் பார்த்து எழுதியது, மனதில் நிற்கவில்லை. அதை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வெளியே வந்ததும் போகிறேன்.

ஒன்றும் செய்ய மாட்டேன். சும்மா பேசத்தான்.